ஹெலிகாப்டர் ஏன் எழும்பவில்லை?



தீபாவளி கழிந்து ஒரு மாதம் ஆனால் போதும். பிள்ளைக்கு ஆசையாய் வாங்கிக் கொடுத்த மின்சார ஹெலிகாப்டர் அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். "மோட்டார் போய்விட்டது, தூக்கிப் போடு" என்று தகப்பனார் தீர்ப்புச் சொல்லிவிடுவார். வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு அல்லவா? தீர்ப்புக்கு முன் கொஞ்சம் விசாரிப்போம்.

விளையாட்டுச் சாமானாக விற்கும் சிறு ரகத்தில் பெரும்பாலும் மூன்று மோட்டார்கள் உண்டு. மேலும் கீழுமாக உள்ள இரண்டு விசிறிகளை இரண்டு மோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுழற்றுகின்றன. வாலில் உள்ள குட்டி மோட்டார் முன்னே பின்னே போக வைக்கிறது. ஆகவே, நோயைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஹெலிகாப்டர் தட்டாமாலை சுற்றினால், இரண்டு பெரிய மோட்டார்களில் ஒன்று தளர்ந்திருக்கலாம். எழும்பியும் முன்னே போக மறுத்தால், வால் மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

இனி, வரிசையாகப் பாருங்கள்.

1. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். விளக்கு எரிவதால் பேட்டரியில் பலம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். விளக்குக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். எழும்பிப் பறக்க நிறைய வேண்டும்.

2. சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியை விரலால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால், அச்சில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கும். ஊசியால் மெல்ல எடுத்துவிடுங்கள்.

3. மோட்டார் சத்தம் கேட்டும் விசிறி சுற்றவில்லையா? மோட்டார் முனையிலுள்ள சிறிய பற்சக்கரம் வெடித்து வழுக்கும். மாற்ற வேண்டியது அந்தச் சக்கரத்தை மட்டும்தான்.

4. கீழே விழுந்த வேகத்தில் முடி போன்ற கம்பி அறுந்திருக்கலாம். பெரியவர் ஒருவர் ஈயப்பற்று வைத்தால் சரியாகிவிடும்.

5. இத்தனைக்குப் பிறகும் ஓடாவிட்டால், மோட்டாரின் இரு கம்பிகளையும் பலகையிலிருந்து பிரித்து, ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டையில் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுற்றினால் கோளாறு மோட்டாரில் இல்லை. கம்பியிலோ பலகையிலோ இருக்கிறது. விரலால் தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், உள்ளே தேய்ந்துவிட்டது.

என்ன தேய்கிறது? இந்த மோட்டாருக்குள் காந்தம் அசையாமல் இருக்க, கம்பிச் சுருள் சுழல்கிறது. சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க, 'பிரஷ்' எனப்படும் இரு மெல்லிய துண்டுகள் அச்சின் செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டே இருக்கின்றன. ஓட ஓடத் தேயும். சூடு ஏறினால் இன்னும் விரைவாகத் தேயும்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்சாரத்துக்கு அணை போடுகிறது. ஹெலிகாப்டர் புல்லில் சிக்கி விசிறி நின்றுவிட்டால், அந்த அணை இல்லை. மின்சாரம் வெள்ளமாய்ப் பாய்ந்து சுருளைச் சுட்டுவிடும். ஆகையால், விழுந்தவுடன் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். முதலில் விசைக்கோலைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு முறை பறந்த பிறகும் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

விலை கூடிய பெரிய ரகங்களில் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கிறது. அதற்கு மூன்று கம்பிகள். ஒன்று விட்டுப்போனாலும் சுற்றாமல் துடிக்கும். எந்த இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாலும் தலைகீழாகச் சுற்றும். கழற்றும் முன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, மோட்டாரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது, குத்தவும் கூடாது. தீப்பிடிக்கும். நம் பழைய லயத்து வீடுகளின் பலகைச் சுவரை நினைத்துப் பாருங்கள். பறந்து வந்த சூடு ஆறிய பிறகு, சிமெண்டுத் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். மெத்தைமேலும் கொசுவலைப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மகனோ மகளோ அதைப் பிரித்துப் போட்டால் திட்டாதீர்கள். துளை போடும் மின்கருவியிலும் அரைக்கும் பிளெண்டரிலும் இதே பிரஷ் வேலைதான் பெரும்பாலும் நடக்கிறது. இன்று பொம்மையின் நோயைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, நாளை ஆலை இயந்திரத்தின் முன் தயங்காமல் நிற்கும். பழுதாகிப் போன சாமானைக் குப்பைக்கு அனுப்புமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.