வெற்றிக்குத் தன்மைப் பன்மை, தோல்விக்கு அஃறிணை

நாட்டின் பெரும்பகுதியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டது. நம் கல்லூரிகளின் ராக்கெட் மன்றங்கள் மைதானம் தேடும் பருவம் இது. ஏவுநாளுக்கு மறுநாள் ஒரே வாக்கியம் வெவ்வேறு கல்லூரிகளின் பெயரில் நம் பக்கங்களில் வந்து நிற்கும்: ‘எங்கள் ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவினோம்.’ இந்த வாக்கியத்தின் மீதுதான் என் வழக்கு.

‘ஏவு’ என்னும் வினை, பொருள் நம் கையைவிட்டு அகன்ற கணத்தில் முடிந்துவிடுகிறது. அம்பை ஏவினான் என்றால் அது இலக்கைத் தைத்ததா என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் இல்லை. ராக்கெட் ஏவுதண்டைவிட்டு விலகியதும் வினை முற்றுப்பெறுகிறது. ‘வெற்றிகரமாக’ என்ற அடையும் அத்துடன் தன் கடமையை முடித்துக்கொள்கிறது. சோதனையோ அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் ஓரிரு நொடிகள் எரிந்து அணையும். எஞ்சிய வேகத்தில் ராக்கெட் மேலேறும். உச்சியை எட்டியதைக் கருவி உணர வேண்டும். சிறிய வெடிமருந்துப் பொதி பற்ற வேண்டும். பாராசூட் விரிய வேண்டும். பதிவான தரவு உடையாமல் தரை சேர வேண்டும். இவற்றில் எது தவறினாலும் மேற்கண்ட வாக்கியம் பொய்யாகாது. அதுவே அதன் வசதி.

தொடர்ந்து வரும் வாக்கியங்களையும் பாருங்கள். ‘வடிவமைத்தோம், சோதித்தோம், ஏவினோம்’ என்று பெருமைக்குரிய இடங்களிலெல்லாம் தன்மைப் பன்மை நிமிர்ந்து நிற்கிறது. தோல்விக்கு வந்தவுடன் எழுவாய் மாறுகிறது: ‘பாராசூட் விரியவில்லை’, ‘மின்கலம் செயலிழந்தது’, ‘தரவு பதிவாகவில்லை’. விரிதல், விரித்தல் எனத் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் கொண்ட நம் மொழியில் இந்த நழுவல் பளிச்செனத் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் பொறுப்பு இப்படித்தான் கைமாறுகிறது. அந்தப் பாராசூட்டை யாரோ ஒருவர், ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஒரு முறையில் மடித்தார். அந்த மூன்று விவரங்களும்தான் அடுத்த அணிக்குத் தேவை. வாக்கியமோ அவற்றை விழுங்கிவிட்டது.

குளிர்கால ஏவுதலே இதற்கு நல்ல சான்று. மெல்லிய பிளாஸ்டிக் பாராசூட்டை முந்தைய இரவே மடித்து அடைத்துவிட்டால், காலைக் குளிரில் அது மடிப்பிலேயே விறைத்துக்கொள்ளும். வெளியே வந்த பின்னும் சுருளாகவே விழும். ஏவுவதற்குச் சற்று முன் மடிக்க வேண்டும், டால்கம் பவுடர் தூவ வேண்டும் என்பது இத்துறை ஆர்வலர்களின் பழைய பாடம். குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதும் அப்படியே. விழுந்ததை யாரோ மறைக்காமல் சொன்னதால்தான் இவை பாடமாயின.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் 1957-இல் அமைப்பு வடிவம் பெற்றது. அங்குள்ள தேசிய ராக்கெட் சங்கம், உயர்திறன் மோட்டார்களைப் பயன்படுத்த விரும்பும் உறுப்பினருக்கு முதல்நிலைச் சான்று தரும் முன், ராக்கெட் மீண்டும் பறக்கத்தக்க நிலையில் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. மேலே சென்றது மட்டும் போதாது. பழுதான மோட்டார்களைப் பற்றித் தெரிவிப்பதற்கென்றே ஒரு கணக்கெடுப்பையும் நடத்துகிறது. ஓய்வுநேர ஆர்வலர்கள் காக்கும் இந்த ஒழுக்கம் பட்டம் வழங்கும் நிறுவனங்களுக்கு ஏன் எட்டவில்லை?

அயல்நாட்டு உதாரணம் வேண்டாம் என்போர் ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்க்கலாம். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. தன் முதல் பயணத்தில் புறப்பட்டது. மூன்று திட எரிபொருள் நிலைகளும் ஒழுங்காக எரிந்தன. ‘வெற்றிகரமாக ஏவினோம்’ என்று எழுத எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால், 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டப் பாதையில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன, அவை இனிப் பயன்படா என்று இஸ்ரோ அன்றே அறிவித்தது. இழந்தவற்றுள் ஒன்று 750 பள்ளி மாணவியரின் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட். இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வு முடுக்கமானிகளின் அளவீட்டைக் குழப்பியதைக் கண்டறிந்தார்கள், வெளியிட்டார்கள், திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த பயணம் இலக்கை எட்டியது.

‘மாணவர்களை ஊக்கப்படுத்த வேண்டாமா?’ என்று கேட்பார்கள். தோல்வி என்று எழுதினால் அடுத்த ஆண்டு நிதி வராது, மைதானம் கிடைக்காது என்ற அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தை மாணவர்கள் உண்டாக்கவில்லை. ஆண்டறிக்கைக்கு ஒரு புகைப்படமும் ஒரு வரியும் கேட்டு, தரவுக் கோப்பை ஒருபோதும் கேட்காத துறைகளே அதை உண்டாக்கின. ஆகவே என் கண்டனம் முதன்மையாக ஆசிரியர்களை நோக்கியது. இருபது வயதில் ‘வெற்றிகரமாக’ என்று எழுதப் பழக்கப்பட்டவர் முப்பது வயதில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது பொருந்தாத தரவை என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்லூரி மன்றம் இயல்பிலேயே நினைவு குறைந்த அமைப்பு. நான்கு ஆண்டுகளில் உறுப்பினர் அனைவரும் மாறிவிடுகிறார்கள். எழுத்தில் இல்லாதது அங்கே நிகழாததற்குச் சமம். பொட்டாசியம் நைட்ரேட்டையும் சர்க்கரையையும் கொண்டு தாமே எரிபொருள் வார்க்கும் குழுக்கள் உண்டு. வார்ப்பில் ஒரு விரிசல் இருந்தால் எரியும் பரப்பு கூடும், அழுத்தம் ஏறும், மோட்டார் வெடிக்கும். சென்ற அணி அதை ‘எதிர்பாராத கோளாறு’ என்று எழுதிக் கடந்திருந்தால், இந்த அணி அதே முறையில் வார்க்கும். அப்போது பணயமாக வைக்கப்படுபவை மதிப்பெண்கள் அல்ல, விரல்களும் கண்களும்.

செய்ய வேண்டியது எளிது. ஏவுநாளுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கை வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் செய்தவர் எழுவாயாக இருக்க வேண்டும்: யார் மடித்தோம், யார் சரிபார்த்தோம், எதைச் சரிபார்க்கவில்லை. இது தனியாளைத் தண்டிப்பதற்காக அன்று என்று துறை எழுத்தில் உறுதி தர வேண்டும். நேர்மையான தோல்வி அறிக்கைக்கு வெற்றி அறிக்கைக்கு நிகரான மதிப்பெண் வேண்டும். இந்தப் பருவத்தில் எந்த மன்றமாவது அனுமதிக் கடிதத்தோடு உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்திடும் முன் சென்ற ஆண்டின் அறிக்கையைக் கேளுங்கள். புகைப்படத்தை நீட்டினால், கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்.