வெட்டு மிச்சம்

ரவிக்கை தைக்கக் கொடுத்தால், மிச்சத் துணியை மறக்காமல் கேட்டு வாங்கி வருகிற சகோதரிகள் நம்மில் அநேகம் பேர். "இந்தச் சாண் துண்டு எதற்கு ஆகும்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும், இந்தக் கதையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். மூன்று பக்கமும் ஆறு. பருத்திக் காட்டில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். நைந்துபோன வேலை உடுப்பு, மாவுச் சாக்கு என்று அகப்பட்டதையெல்லாம் ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பது அவ்வூர்ப் பெண்களின் பரம்பரை வழக்கம். அழகுக்காக அல்ல, குளிருக்காக.

1960-களில் அந்த மக்கள் வோட்டுரிமை கேட்டார்கள். பெயரைப் பதியப் போனவர்களில் பலருக்கு வேலை போயிற்று. சிலருக்குக் குடியிருந்த வீடே போயிற்று. அக்கரை ஊருக்குப் போய்வந்த படகும் 1962-ல் நின்றது. அது மறுபடி ஓடத் தொடங்கியது 2006-ல்தான்!

அப்படிப்பட்ட நாளில், கொடியில் காய்ந்த போர்வைகள் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் கண்ணில் பட்டன. 1966-ல் ஜீஸ் பெண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 'சுதந்திரப் போர்வைச் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. 1969-ல் சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியது. வீடிழந்த குடும்பங்களுக்கும் அதிலே மனை விற்றுக் குடியேற்றியது. ஊசி பிடித்த கை செய்த காரியத்தைப் பாருங்கள்!

1972-ல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார ஸ்தாபனத்திடமிருந்து தலையணை உறைக்கு ஆர்டர் வந்தது. துணி, கார்டுராய் என்னும் வரி விழுந்த தடித்த பருத்தித் துணி. ஒன்றைப்போல் மற்றொன்று, அச்சில் வார்த்தாற்போல் இருக்க வேண்டும். சொந்தக் கற்பனைக்கு இடமே இல்லை. ஆனால் கூலி வந்தது, அடுப்பு எரிந்தது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டு போனார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்கள். பொன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பாசிப் பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். தடித்த துணியாதலால் பொடிப் பொடியாக வெட்டித் தைக்க வராது. ஆகவே பெரிய சதுரங்களாகவும் பட்டைகளாகவும் இணைத்தார்கள். அந்தச் சங்கடமே தனி அழகாகிவிட்டது.

2002-ல் ஹூஸ்டன் நகரிலும், பிறகு நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. அவற்றில் கார்டுராய் போர்வைகளும் உண்டு. 2006-ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் இந்த ஊர்ப் போர்வைகள் இடம்பெற்றன.

அதற்காக அந்தத் தலையணை உறைகளை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. ஒரே மாதிரி உறைகளைச் சலிக்காமல் தைத்ததால்தான் கூலியும் வந்தது, மிச்சமும் கிடைத்தது. தனியொருத்தி கேட்டிருந்தால் அத்தனை பெரிய ஆர்டர் கிடைத்திருக்குமா? சங்கம் கேட்டது, கிடைத்தது.

2012-ல் சங்கம் கலைந்தது. அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் இருக்கின்றன. அவர்கள் கேட்டு வாங்கிய வோட்டும் இருக்கிறது.