வீதி எவருக்கு உரியது?

வெளிநாடு சென்று மீளும் நம்மவர் கூறும் கதைகளில் இரண்டு பொருள்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஒன்று வீதி, மற்றையது பொறி. கையை நீட்டினால் நீர் சொரியும் குழாய், ஆளைக் கண்டதும் தானே திறக்கும் கதவு, காசைப் போட்டால் பயணச்சீட்டைக் கக்கும் பெட்டி, கண்ணாடி போன்ற தார் வீதி! இவற்றை வருணித்து முடித்து, "எங்கள் ஊர் எப்போது இப்படியாகும்?" என்று பெருமூச்செறிவர். கேட்டிருப்போரும் உடன் பெருமூச்செறிவர். இப்பெருமூச்சுகளால் நமது ஒழுங்கை ஒன்றிலேனும் ஒரு கூடை கிறவல் விழுந்ததாக நான் அறியேன்.

நானும் சுவிற்சர்லாந்து சென்று வந்தவன்தான். அங்கே மலைச்சரிவில் நூறு வீடுகள்கூட இல்லாத சிற்றூருக்கு மஞ்சள் நிறத் தபால் பஸ் குறித்த நிமிடத்தில் வந்து நிற்பதையும், புகையிரதம் சற்றுப் பிந்தினால் அது காத்து நின்று பயணிகளை ஏற்றிச் செல்வதையும் கண்டேன். வியந்தேன் என்பதை மறைப்பானேன்? ஆயினும் வழக்கறிஞனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் உறுதி எவர் பெயரில் இருக்கிறதென்று கேட்பான். "இந்த மலைப்பாதை யாருடையது?" என்று உடன் வந்த உறவினரைக் கேட்டேன். "அது ஊராருடையது, அண்ணை" என்றார் அவர், கேட்கத் தகாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்பதுபோல.

அவர் சொன்னது வெறும் பேச்சன்று, சட்டம். அந்நாட்டின் வீதிகளிற் பத்தில் ஏழு பங்கு ஊராட்சிகளுக்கு உரியவை. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி மாநிலங்களுக்கு உரியது. மத்திய அரசிடம் இருப்பவை நெடுஞ்சாலைகளே. அவற்றின் மீதும் அரசின் விருப்பம் மட்டும் செல்லாது. சுமார் 490 கோடி பிராங்க் செலவில் ஆறு இடங்களில் நெடுஞ்சாலைகளை விரிவாக்க அரசாங்கம் திட்டமிட்டது, பாராளுமன்றமும் இசைந்தது. 2024 நவம்பர் 24 ஆம் நாள் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டபோது 52.7 சத வீதத்தினர் வேண்டாம் என்றனர். திட்டம் அன்றே மடிந்தது. எவரும் சிறை செல்லவில்லை, தடியடியும் நிகழவில்லை.

இதனினும் என்னைக் கவர்ந்தது ஒற்றையடிப் பாதையின் கதை. 1979 இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணும் கடமையைத் தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். 1985 இல் அதற்கான சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற நடைபாதையொன்றை எவரேனும் நீக்கினால் ஈடாக இன்னொரு பாதை அமைத்துக் கொடுத்தாக வேண்டும். நடப்போருக்கு ஒவ்வாத தளத்தை நெடுந்தொலைவுக்குப் போட்டு மூடிவிட்டாலும் மாற்றுப்பாதை கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். தாரைக் கண்டு வாய் பிளக்கும் நம்மவர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக!

அந்நாட்டைச் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. நாம் 1931 இலேயே ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றவர்கள். அங்கே பெண்கள் தேசிய வாக்குரிமைக்கு 1971 வரை காத்திருந்தனர். உணவுச்சாலைகளிற் பாத்திரம் கழுவி அந்நாட்டைப் பளபளக்க வைக்கும் நம்மவரும் குடியுரிமை பெறும்வரை இத்தேசிய வாக்கெடுப்புகளில் வாய் திறக்க முடியாது. நிற்க.

இனிப் பாப்பாமோட்டைக்கு வருவோம். மன்னார்ப் பாலத்தைக் கடந்து வடக்கே பூநகரி நோக்கிச் செல்லும் ஏ 32 வீதியில், விடத்தல்தீவுக்கு முன்னே வரும் சிற்றூர் அது. மோட்டை என்றால் நீர் தேங்கும் சிறு குளம். நீரை வைத்து ஊருக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். போரின் போது அக்கரையோர ஊர்கள் வெறுமையாயின. 2009 இன் பின் மக்கள் மீண்டபோது பாதைகளைப் பற்றை மூடியிருந்தது. பின்னர் ஏ 32 புதுப்பிக்கப்பட்டது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டது. வவுனியாவைச் சுற்றி யாழ்ப்பாணம் சென்ற நோயாளி இன்று நேரே செல்கிறான். இந்நன்மையை மறுப்பது நன்றிகேடு.

ஆனால் அவ்வீதியிலிருந்து இறங்கிப் பாருங்கள். கமக்காரன் வயலுக்குப் போவது ஏ 32 இலா? மீனவன் களப்புக்கு இறங்குவது ஏ 32 இலா? பெரும்போகத்து மாரியில் உழவு இயந்திரத்தின் சில்லு அச்சுவரை புதையும் அந்த மண்பாதைகள் எந்தப் பதிவேட்டில் உள்ளன? அவற்றின் மதகை எங்கே வைப்பது, நீரை எப்பக்கம் விடுவது என்று ஊராரை எவர் கேட்டார்?

இது இன்று முளைத்த நோயன்று. 1848 இல் வெள்ளையர் கொண்டுவந்த வீதிச் சட்டம், ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றது. உழைப்பு நம்முடையது, அவ்வீதிகளில் துறைமுகம் நோக்கி ஓடியதோ தோட்டத்துரையின் கோப்பி. 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்ததும், தனுஷ்கோடிக் கப்பலில் இறங்கியோரை, அவர்களுள் தோட்டங்களுக்கு வந்த ஏழைத் தொழிலாளரை, தெற்கே ஏற்றிச் செல்வதற்கே. மன்னார் வழியாகப் பாதைகள் வந்தன. மன்னாருக்காக வந்த பாதை எது?

வீதியின் கதை இதுவானால், பொறியின் கதை இன்னும் புதுமையானது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகள் கொண்ட நிலையம் திறக்கப்பட்டது. 100 மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்சாரம் அங்கே பிறக்கிறது. வெளிநாட்டுப் பொறிகளைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் பனைகளுக்கு மேலே அவை சுழல்கின்றன! காற்றாலையைப் பழிப்பவன் அல்லன் நான். நிலக்கரிப் புகையினும் காற்று நன்று. ஆயினும் அக்கோபுரங்களுக்காகப் போட்ட பாதைகள் இயற்கையான வடிகாலை மறித்து ஊரை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றன என்று தீவு மக்கள் முறையிட்டனர். 2025 ஆகஸ்டில் மேலும் காற்றாலைகள் வேண்டாமென வீதியில் அமர்ந்தனர். வேலை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் மீண்டும் தொடர ஆணை பிறந்தது. கோபுரப் பாகங்கள் வந்த இரவில் மறித்து நின்ற மக்களுக்கும் பொலிசாருக்கும் கைகலப்பு நேர்ந்தது. அங்கே வாக்குச்சீட்டால் தீர்ந்த வழக்கு இங்கே தடியால் தீர்க்கப்படுகிறது.

இவ்வேற்றுமை தட்பவெப்பத்தால் வந்ததா? இல்லை. 1926 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சமஷ்டியைப் பற்றிப் பேசிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா இலங்கைக்கு ஏற்ற உதாரணமாகக் காட்டியது சுவிற்சர்லாந்தைத்தான். அவரே பிரதமராகி 1957 ஜூலையில் செல்வநாயகத்துடன் ஒப்பமிட்ட உடன்படிக்கையில், பிராந்திய சபைகளுக்குரிய அதிகாரங்களின் வரிசையில் காணியும் மீன்பிடியும் மட்டுமல்ல, மின்சாரமும் வீதியும் எழுதப்பட்டிருந்தன! அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவ்வுடன்படிக்கை கைவிடப்பட்டது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தேசிய நெடுஞ்சாலை தவிர்ந்த வீதிகளையும் பாலங்களையும் மாகாண சபைக்குக் கொடுத்தது. கொடுத்துப் பயன் என்ன? 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபைக்குத் தேர்தல் இன்றியே ஏழு ஆண்டுகள் கழிந்தன. உரிமை காகிதத்தில்; அதிகாரம் ஆளுநரின் மேசையில். மேடையில் சமஷ்டி முழங்கும் நம் தலைவர்களும் ஒரு மதகின் உயரத்தைப் பற்றிப் பேசுவதைக் கௌரவக் குறைவாகக் கருதுகின்றனர்.

எஞ்சியிருப்பது பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் சபை எல்லைக்குட்பட்ட சிறு வீதிகளின் பொறுப்பை அதற்கு அளித்திருக்கிறது. 2025 மே மாதத்தில் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியிருக்கிறோம். பணமில்லை என்பார்கள், அது மெய்யே. ஆனால் பதிவேடு எழுதப் பெரும்பணம் வேண்டாம். வட்டாரந்தோறும் ஊராரைக் கூட்டி, வயற்பாதை, குளக்கட்டுப் பாதை, களப்புப் பாதை ஒவ்வொன்றையும் அளந்து, வரைபடம் கீறி, சபைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். படித்தோர் சட்டத்தையும் அளவுகோலையும் கொண்டு வரட்டும். நீர் எவ்வழி ஓடுமென்பதைக் கமக்காரர் சொல்லட்டும். அதன்பின் கோபுரம் நடவோ வேலி போடவோ எவர் வந்தாலும், பாதையை மூடுமுன் ஊர்க்கூட்டத்தின் சம்மதத்தையும் மாற்றுப்பாதையின் வரைபடத்தையும் சபை கேட்கட்டும். மறுத்தால் நீதிமன்றம் இருக்கிறது. அந்த வழக்கைப் பேச நம் வழக்கறிஞர்கள் கட்டணம் கேட்கமாட்டார்கள். அடுத்த பெரும்போகத்து மழைக்கு முன் பதிவேட்டின் முதற்பக்கத்தில் பாப்பாமோட்டையின் களப்புப் பாதை எழுதப்பட வேண்டும்.