எஸ்க்யூஎல் எங்கேயும் ஒன்றுதானாம்!

"எஸ்க்யூஎல் தெரிந்தால் போதும், எந்த டேட்டாபேஸிலும் வேலை பார்க்கலாம்" என்று சொல்லித்தான் பாடத்தையே தொடங்குகிறார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் இந்த நம்பிக்கைக்குத் துணிச்சல் கூடிவிடுகிறது: ஆரக்கிள் லைசென்ஸ் கட்டுப்படியாகவில்லையா, போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடுவோம், கனெக்‌ஷன் வரியை மாற்றினால் தீர்ந்தது. இதை நம்பித் தேதி குறிக்கிற மேலாளர்களும் உண்டு.

தரநிலை இருக்கிறதே என்பார்கள். 1986 முதல் இருக்கிறது. ஆனால் அதன்படி நடக்கிறதா என்று சோதித்துவந்த அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு, 1990களிலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டது. இப்போது விற்பவர் சொல்வதுதான் சான்று.

க்வெரி ஓடாமல் எரர் வந்தால் கவலையில்லை, திருத்திவிடலாம். அது ஒழுங்காக ஓடி வேறு விடை தருவதுதான் வினை.

தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலோடு சரி. படிவத்தில் கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் பெரும்பாலும் வெற்றுச் சரம்தான் போய்ச் சேரும். போஸ்ட்கிரெஸ் அதை வெற்றுச் சரமாகவே வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் அதை நல், அதாவது மதிப்பே இல்லாதது, என்று எடுத்துக்கொள்ளும். நல் எதற்கும் சமமாகாது, தனக்கே சமமாகாது. ஆகவே கடைசிப் பெயர் வெற்றாக உள்ளவர்களைச் சமக்குறி போட்டுத் தேடினால் போஸ்ட்கிரெஸில் எல்லோரும் வருவார்கள், ஆரக்கிளில் ஒருவரும் வரமாட்டார். இந்த விவரங்களை ஆரக்கிளிலிருந்து அப்படியே போஸ்ட்கிரெஸுக்கு எடுத்துப்போய், பெயரின் இரு பகுதிகளையும் இரட்டைக் கோட்டுக் குறியால் ஒட்டிப் பாருங்கள். ஆரக்கிளில் முதல் பெயராவது மிஞ்சியது. இங்கே முழுப் பெயரும் நல் ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல்லுக்கோ அந்தக் குறி, அமைப்பை மாற்றாதவரை, 'அல்லது' என்றே பொருள்படும்!

சராசரிக் கணக்கில்கூட ஒற்றுமை இல்லை. முழு எண் புலத்தில் இருக்கும் 4, 5 இரண்டுக்கும் சராசரி கேட்டால் போஸ்ட்கிரெஸ் 4.5 என்று சொல்லும், எஸ்க்யூஎல் சர்வர் 4 என்று சொல்லும். வாடிக்கையாளர் தந்த நட்சத்திரத்தில் அரை நட்சத்திரம் எரரே இல்லாமல் காணாமல் போகிறது.

டிரான்சாக்‌ஷனுக்கு வருவோம். பல பதிவுகளைச் சேர்க்கும்போது நடுவில் ஒன்று ஏற்கெனவே இருப்பதாகத் தோற்றால், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அந்த ஒரு கட்டளையை மட்டும் விலக்கும். மற்றவற்றை கமிட் செய்யலாம். போஸ்ட்கிரெஸில், சேவ்பாயின்ட் வைக்காவிட்டால், டிரான்சாக்‌ஷன் முழுவதும் கெட்டது. அதன்பின் கமிட் என்றாலும் அது ரோல்பேக்தான் செய்யும். பழைய புரோகிராமின் 'எரரை விழுங்கிவிட்டு மேலே போ' வழக்கம் இங்கே செல்லாது. நடுவில் ஒரு டேபிளின் அமைப்பை மாற்றினாலோ நிலைமை தலைகீழ்: மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் அதுவரை செய்ததைக் கேட்காமலே கமிட் செய்துவிடும், போஸ்ட்கிரெஸ், ரோல்பேக் சொன்னால், அதையும் சேர்த்துப் பின்வாங்கும்.

"ஓஆர்எம் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த சமாதானம். புரோகிராமுக்காக க்வெரி எழுதித்தரும் லைப்ரரியான ஓஆர்எம், க்வெரியின் எழுத்தை மாற்றிக்கொடுக்கும், அவ்வளவே. சராசரியைக் கணக்கிடுவதும் கமிட் செய்வதும் அடியிலுள்ள எஞ்சின். இந்தச் சமாதானத்தின் மோசமான விளைவு, டெஸ்டுகளை எஸ்க்யூலைட்டில் ஓட்டிவிட்டு போஸ்ட்கிரெஸில் வெளியிடும் பழக்கம். எஸ்க்யூலைட், ஸ்ட்ரிக்ட் என்று அறிவிக்காத டேபிளில், எண்ணுக்கான புலத்தில் பெயரை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். பத்து எழுத்து வரம்பு வைத்த இடத்தில் நூறு எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் மறுக்கும், அதுவும் வாடிக்கையாளர் திரைக்கு முன் இருக்கும்போது. டெஸ்டுக்கென்று அசல் போஸ்ட்கிரெஸையே டாக்கரில் ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம், லைசென்ஸ் செலவும் இல்லை.