டிராக்டர் சர்வீஸ்: கம்பெனிக்கா, களத்துமேட்டுக்கா?

கேள்வி: 'எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, 2019-ல் கடன் போட்டு வாங்கினோம். இப்போது வாரண்டி முடிந்துவிட்டது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். டிரைவர் வைத்து நான்தான் வாடகைக்கு ஓட்டி வருகிறேன். போன மாதம் சர்வீஸுக்கு விட்டதில் 9,476 ரூபாய் பில் வந்தது. "என்னண்ணே இவ்வளவு?" என்று கேட்டால், "எல்லாம் கம்பெனி ரேட்டுக்கா" என்கிறார் மெக்கானிக். கணவரோ, "அங்கேயே விடு, கண்டவன் கையில கொடுக்காதே" என்கிறார். ஐ.டி.ஐ. முதலாண்டு படிக்கும் மகன், "நாமளே செய்யலாம்மா" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? பில்லை இணைத்துள்ளேன்.'

- ஆலங்குடி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: பில்லை இணைத்து அனுப்பியது நல்ல காரியம். சர்வீஸ் செலவைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்வார்கள். விஷயம் மொத்தத்தில் இல்லை, வரிகளில் இருக்கிறது.

பில்லில் உள்ளது இது: இன்ஜின் ஆயில் 8 லிட்டர் 2,880 ரூபாய். ஆயில் ஃபில்டர் 320. டீசல் ஃபில்டர் இரண்டும் சேர்த்து 480. ஏர் கிளீனருக்கு ஆயில் 1 லிட்டர் 360. கியர் ஆயில் 'டாப்-அப்' 5 லிட்டர் 1,700. கிரீஸ் 250. சில்லறைச் சாமான்கள் 300. வாட்டர் வாஷ் 400. லேபர் 1,500. ஊருக்கு வந்துபோன செலவு 800. லேபர், வாஷ், வந்துபோன செலவு ஆகியவற்றுக்கு வரி 486.

இதில் ஆயில், ஃபில்டர், கிரீஸ் ஆகியவற்றை யார் செய்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். அது 4,290 ரூபாய். வீட்டில் செய்தால் மிச்சமாவது லேபர், வாஷ், வந்துபோன செலவு, சில்லறை, வரி ஆகியவை. கூட்டினால் 3,486 ரூபாய். வாடகைக்கு ஓடும் வண்டி வருடத்துக்கு 750 மணி நேரம் ஓடுகிறது, 250 மணிக்கு ஒரு சர்வீஸ் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு மூன்று முறை, சுமார் 10,400 ரூபாய். சின்னத் தொகை இல்லை. ஆனால், 'கம்பெனிக்காரன் பாதிக்குப் பாதி அடிக்கிறான்' என்று டீக்கடையில் பேசுகிற அளவுக்கும் இல்லை.

மீதமிருக்கும் ஒரு வரிதான் இந்தப் பில்லிலேயே கவனிக்க வேண்டியது: கியர் ஆயில் 5 லிட்டர்.

கியர் பெட்டி ஆயில் இன்ஜின் ஆயிலைப்போல எரிந்து குறைகிற பொருள் அல்ல. பெரும்பாலான டிராக்டர்களில் கியருக்கும், பின்பக்க ஆக்ஸிலுக்கும், ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் இதே ஆயில்தான். ஐந்து லிட்டர் குறைந்திருக்கிறது என்றால், அது எங்கோ போயிருக்கிறது. எங்கே போனது என்று பார்க்காமல் ஊற்றிவிட்டுப் பில் போட்டிருக்கிறார்கள். அடுத்த சர்வீஸிலும் ஊற்றுவார்கள்.

வாடகை வண்டிகளில் இந்த ஆயில் அதிகமாகப் போவது டிப்பர் டிரெய்லர் வழியாகத்தான். டிரெய்லரின் ஜாக்கியைத் தூக்குவது டிராக்டரின் ஆயில். ஊரில் ஆளுக்கொரு டிரெய்லரை மாட்டிக் கழற்றும்போது, ஹோஸ் இணைப்பில் ஒழுகி ஏற்கெனவே ஆயில் குறைந்துபோன ஜாக்கி, மாட்டிய டிராக்டரிலிருந்து தன் பங்கை நிரப்பிக்கொள்ளும். தொட்டியை முழுவதும் இறக்காமல் ஹோஸைக் கழற்றினால் மேலே தங்கிய ஆயில் திரும்பி வராது. அதோடு, மூடியில்லாத ஹோஸ் முனையில் ஒட்டிய மணலும், அடுத்தவர் வண்டியின் பழைய ஆயிலும் நம் வண்டிக்குள் வரும். ஹைட்ராலிக் பம்ப்பைக் கெடுக்க அது போதும். டிரைவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தெந்த டிரெய்லரை மாட்டுகிறார்? கழற்றும் முன் தொட்டியை முழுவதும் இறக்கி, இணைப்பைத் துணியால் துடைக்கிறாரா?

டிரெய்லர் காரணமில்லை என்றால், பின்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆயில் கசிந்து புழுதி அப்பியிருந்தால் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. பிரேக் உலர்வகை என்றால் அந்த ஆயில் பிரேக்கிலும் படும்; பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் ஆபத்து. மூன்றாவது ஒரு வழியும் உண்டு. இன்ஜினால் ஓட்டப்படும் ஹைட்ராலிக் பம்ப் உள்ள சில மாடல்களில், பம்ப்பின் சீல் கெட்டால் ஆயில் இன்ஜினுக்குள் போகும். அப்போது இன்ஜின் ஆயிலின் அளவு ஊற்றாமலேயே ஏறும்.

இதனால்தான் தினமும் காலையில் அளவுக் கம்பியை (டிப் ஸ்டிக்) உருவிப் பார்ப்பது மற்ற எதையும்விட முக்கியமான வேலை. வண்டி சமதளத்தில், இன்ஜின் ஆறிய நிலையில் இருக்க வேண்டும். அளவு குறைந்தால் இன்ஜின் ஆயிலைத் தின்கிறது அல்லது கசிகிறது. அளவு ஏறி, டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர்போல ஓடினால் டீசல் பம்ப் பக்கமிருந்து டீசல் இறங்குகிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏறியதோ நிறம் மாறியதோ கண்ணில் பட்டால், அன்று வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு பழந்துணியும் அரை நிமிடமும் போதும்.

இனி மகன் கேட்பதற்கு வரலாம். 2019-ல் வாங்கிய 45 குதிரைத்திறன் வண்டி பழைய முறை டீசல் பம்ப் உள்ளது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, ஏர் கிளீனர் கழுவுவது, கிரீஸ் அடிப்பது ஆகிய நான்கையும் வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம்.

இந்த நான்கில் இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது ஏர் கிளீனர். ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் கோடையில் ரொட்டேவேட்டர் ஓட்டினால் டிரைவர் முகம் எந்த நிறத்தில் இருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதே புழுதியைத்தான் இன்ஜினும் மூச்சிழுக்கிறது. ஆயில் பாத் வகை ஏர் கிளீனரில், அடிக்கிண்ணத்தில் உள்ள ஆயில் அந்தப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிண்ணம் சேறாகிவிட்டால் பிடிக்காது. புழுதி நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரம்போல ராவிவிடும். பிறகு நீலப்புகை, ஆயில் குறைவு, இழுவைக் குறைவு, கடைசியில் இன்ஜினைப் பிரித்து 'போர்' வேலை. அப்படி ஒரு வேலை வந்தால், பல வருடம் லேபரில் மிச்சம்பிடித்த பணம் ஒரே தடவையில் போய்விடும்.

250 மணிக்கு ஒரு தடவை சர்வீஸில் கழுவுவது இதற்குப் போதாது. புழுதி வேலை நடக்கும் நாள்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டி, டீசலில் கழுவித் துடைத்து, குறியீடு உள்ள மட்டம் வரை புதிய ஆயில் ஊற்ற வேண்டும். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சும். கிண்ணத்தின் ரப்பர் வளையம், ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய், அதன் கிளாம்ப் ஆகியவற்றையும் தடவிப் பார்க்க வேண்டும். குழாயில் வெடிப்பு இருந்தால் ஏர் கிளீனர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. (காகித ஃபில்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் அதைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுவதைப் பல ஊர்களில் பார்க்க முடிகிறது. கூடாது. கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்து, கெடு வந்ததும் மாற்ற வேண்டும்.)

ஆயில் மாற்றும் முறை இதுதான். சமதளத்தில் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சூடான ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். அகலமான தட்டை வைத்து, அடிநட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விட வேண்டும். கையில் சூடு படாமல் கவனம். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது அழ வேண்டியிருக்கும். கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவில் ஆயில் ஊற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரைத் தூக்கக் கூடாது; ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை மெதுவாக ஓட வேண்டும். நிறுத்திச் சற்றுநேரம் கழித்து அளவைப் பார்த்து, ஃபில்டரடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

டீசல் ஃபில்டரை மாற்றினால் காற்று புகும். பிளீடிங் ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். ஒரு முறை மெக்கானிக் செய்யும்போது மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. இதில் தெளிவில்லாமல் இறங்கினால், நடவு நேரத்தில் வண்டி வயலில் நின்றுவிடும்.

வடித்த பழைய ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கரையானுக்கு நல்லது என்று தென்னை அடியில் ஊற்றுவதும், வாய்க்கால் ஓரம் கொட்டுவதும் வழக்கமாக இருக்கிறது. எரிந்த ஆயிலில் உலோகத் துகள்களும் நச்சும் இருக்கின்றன. அது மண்ணில் உள்ள நல்ல உயிர்களைக் கொல்லும், கிணற்று நீரையும் கெடுக்கும். கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. டீசல் பம்ப்பின் சீலை உடைத்து 'கொஞ்சம் பவர் ஏற்றுவது', நாசில் அமைப்பது, ஹைட்ராலிக் வால்வைப் பிரிப்பது, வண்டியை இரண்டாகப் பிளந்து கிளட்ச் மாற்றுவது ஆகியவற்றுக்கு அளவுக் கருவிகளும் அனுபவமும் வேண்டும். இங்கே மட்டும் கணவர் சொல்வது முழுக்கச் சரி. சீலை உடைத்துப் பவர் ஏற்றித் தருகிறேன் என்று டிரைவரோ வேறு யாரோ சொன்னாலும் சம்மதிக்கக் கூடாது. எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கனமான மரக்கட்டையை அண்டை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் எர்த் ஒயர்.

மிச்சம்பிடிக்கிறேன் என்று ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: மலிவான ஃபில்டரும் உதிரி ஆயிலும். பெட்டியும் பெயரும் அசல்போலவே இருக்கும் போலிகள் நிறைய வருகின்றன. உள்ளே காகிதம் மெல்லியதாக, மடிப்பு குறைவாக இருக்கும். ஃபில்டரையும் ஆயிலையும் டீலரின் ஸ்பேர் கவுன்டரிலேயே பில் போட்டு வாங்கி, வேலையை மட்டும் வீட்டில் செய்வது இந்த அம்மாவுக்குப் பொருத்தமான வழி. மேலே சொன்ன 3,486 ரூபாய் மிச்சமும் இந்தக் கணக்கில்தான் போட்டது.

ஒரு நோட்டு போட்டு, ஹவர் மீட்டர் எண், தேதி, மாற்றிய பொருள், பில் எண் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டுக்கும் விலை உண்டு. வண்டி ஓடாமல் நின்று, மணிக்கணக்கு முடியாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

இதே பொருளில் கேட்ட இன்னொரு வாசகர் வைத்திருப்பது புதிதாக வாங்கிய 55 குதிரைத்திறன் வண்டி. அவருக்குப் பதில் வேறு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் வந்துவிட்டன. அதனால் இந்த வண்டிகளில் கணினி கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் அமைப்பு இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதன் குழாய் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் பக்கம் கை வைக்கவே வேண்டாம். மேலும் வாரண்டி இருக்கும்வரை, குறித்த மணிக்கு டீலரிடம் சர்வீஸ் செய்து பதிவு வாங்காவிட்டால், பிறகு பெரிய பழுது வரும்போது தட்டிக்கழிக்க அதுவே காரணமாகும். 'இலவச சர்வீஸ்' என்பதில் பெரும்பாலும் லேபர் மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முறையாகப் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. டிராக்டர் பராமரிப்புக்கென்றே அங்கே பயிற்சிகள் நடக்கின்றன. அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் உள்ளூர்ப் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம். மகனுக்கு ஐ.டி.ஐ. விடுமுறையில் இது உதவும்.

அதுவரை அந்த அம்மா செய்ய வேண்டியது, கியர் ஆயிலின் மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் குறிப்பது. எந்த வாரத்தில் இறங்குகிறதோ, அந்த வாரம் எந்த டிரெய்லர் மாட்டியது என்று டிரைவரிடம் கேட்டால் 1,700 ரூபாய் போன இடம் தெரிந்துவிடும்.