வெந்நீரில் வரும் பேய்

நம் நாட்டுப் பேய்களுக்குப் புளியமரம், சுடுகாடு, முச்சந்தி என்று நிலையான வாசஸ்தலங்கள் உண்டென்று சொல்லுவார்கள். ஆனால் ஓசூரைத் தாண்டிய கன்னட நாட்டிலும், அதையொட்டிய நம் பக்கத்திலும் ஒரு பேய் இந்தச் சம்பிரதாயத்தையெல்லாம் விட்டுவிட்டுக் குளிக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் தினமும் வருவதில்லை. உடம்புக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் பெரும்பாலும் வருவதில்லை. வெள்ளியோ, சனியோ எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அண்டாவில் கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரைத் தலையில் சொம்பு சொம்பாக ஊற்றுகிறபோதுதான் வருகிறது. பிள்ளை திடீரென்று வெறித்துப் பார்க்கிறான், சம்பந்தமில்லாமல் ஏதோ உளறுகிறான், காரணமின்றிப் பயப்படுகிறான், சில சமயம் கைகால் இழுத்துக்கொண்டு விழுகிறான்.

உடனே வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்பார் ஒருவர். "குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம்" என்பார் இன்னொருவர். பிள்ளை உளறிய வார்த்தைக்குப் பூசாரி வந்து அர்த்தம் சொல்லுவார். தாயத்துக்கு ஒரு செலவு, சேவலுக்கு ஒரு செலவு, போக்குவரத்துக்கு ஒரு செலவு. அடுத்த தலைமுழுக்கில் பேய் மறுபடியும் வரும். பூசாரியும் மறுபடியும் வருவார்.

தோழர்களே! இது பேயல்ல, வியாதி. வைத்தியர்கள் இதற்கு வெந்நீர் வலிப்பு என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1945-ல் நியூசிலாந்து நாட்டு வைத்தியர் ஒருவர் இதைப் பற்றி எழுதினார். 1968-ல் டாக்டர் கே. எஸ். மணி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நம் தென்னாட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1988-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் அவரோடு உழைத்தவர்களும் 279 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 40 முதல் 50 டிகிரி வரை சூடுள்ள நீரைத் தலையில் விடாமல் ஊற்றிக் குளிக்கிற நம் வழக்கமே இந்த வலிப்பைத் தட்டி எழுப்புகிறது என்பது இவர்கள் கண்டது.

வெந்நீருக்கும் உளறலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் நம்புவதுதான் நம்மைப் பிடித்த பெரிய வியாதி. இதை அறிய, நம் நரம்பு மண்டலம் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

மண்டை ஓட்டுக்குள் இருப்பது மூளை. ஏறக்குறைய 1,400 கிராம் எடை. அதிலிருந்து கீழிறங்கி முதுகெலும்புக்குள் ஓடுவது தண்டுவடம். இந்த இரண்டிலிருந்தும் பிரிந்து கண், காது, தோல், தசை, குடல் என்று எல்லா இடங்களுக்கும் போவது நரம்புகள். சில நரம்புகள் வெளிச் செய்தியை உள்ளே கொண்டுவருகின்றன. சில உத்தரவை வெளியே கொண்டுபோகின்றன. வேகமான நரம்பில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் தூரம்கூட ஓடும்; மந்தமான வலியைக் கொண்டுவரும் நரம்பில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லில் கை பட்டால், "சுடுகிறது" என்று நாம் உணருவதற்கு முன்பே கை பின்வாங்கிவிடுகிறது. அந்த உத்தரவைப் போட்டது தண்டுவடம்; மூளைக்குச் சேதி பிறகுதான் போய்ச் சேருகிறது. நாம் தூங்குகிறபோதும் மூச்சை நடத்துவதும், சோறு செரிக்க வைப்பதும் நம்மைக் கேளாமலே வேலை செய்கிற நரம்புகள்தான். இதில் எந்த இடத்திலாவது ஆவி உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று கேட்கிறோம்.

மூளைக்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவில் மின்சாரத் துடிப்பு ஓடுகிறது. அதன் முனையில் துளி ரசாயனம் சுரக்கிறது. அது அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்லுகிறது. "ஓடு" என்று சொல்லும் அணுக்களும் உண்டு. "நில்" என்று சொல்லும் அணுக்களும் உண்டு. மாட்டுவண்டிக்குச் சாட்டையும் வேண்டும், மூக்கணாங்கயிறும் வேண்டும் அல்லவா? கயிறு தளர்ந்து சாட்டை மட்டும் வேலை செய்தால் மாடு மிரண்டு ஓடும். அதுபோலவே, அடக்கும் வேலை தவறி ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கொட்டினால் அதற்குப் பெயர் வலிப்பு.

அந்தக் குழப்பம் மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறதோ அந்த இடத்தின் வேலைதான் வெளியே தெரியும். பயத்தை உண்டாக்கும் இடமானால் பயம். பேச்சைச் சேர்ந்த இடமானால் உளறல். கைகாலை ஆட்டும் இடமானால் இழுப்பு. இவ்வளவுதான் "அருள்வாக்கின்" இரகசியம்! சிலருடைய மூளை, சில குடும்பங்களில் பரம்பரையாகவே, தலையில் சட்டென்று ஏறும் சூட்டைத் தாங்காமல் இப்படிக் குழம்புகிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனிதன் தலைமேலிருந்தே மூளையின் மின்சாரத்தைக் கருவியில் பதிந்து காட்டினார். இன்று வலிப்பின் மின்சாரத்தைக் கோடாக வரைந்து கையில் கொடுக்கிறார்கள். பேயை அப்படி வரைந்து காட்டினவர் யார்?

நிற்க. நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் எலிகளின்மேல் வெந்நீரைப் பாய்ச்சியும் பார்த்தார்கள். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் எலிகளுக்கும் வலிப்பு வந்தது. எலிகள் எந்தக் குலதெய்வத்துக்குக் குறை வைத்தன?

"அப்படியானால் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்ததும் நின்றுவிடுகிறதே?" என்று கேட்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷங்களில் தானாகவே நின்றுவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவர எவ்வளவு நேரமாகிறது? அதே ஒன்றிரண்டு நிமிஷம்தான். பெருமை இரும்புக்குப் போய்விடுகிறது. சாவிக்குப் பதில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்.

இந்த மூடத்தனத்தால் நஷ்டம் காசு மட்டுமல்ல. வலிப்புள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறார்கள். பெண்ணாக இருந்தாலோ, மறைத்துக் கலியாணம் செய்து, பிறகு தெரிந்ததும் பிறந்த வீட்டுக்கு விரட்டுகிறார்கள். சட்டமே 1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துக் கலியாணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-ல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போன இழிவு ஊரார் மனத்திலிருந்து எப்போது போகும்?

செய்யவேண்டியது சுலபமானது. தலைக்கு ஊற்றும் நீரை வெதுவெதுப்பாக்குங்கள். சொம்பு சொம்பாகக் கொட்டாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளையைத் தனியே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கவும், கிணற்றில் இறங்கவும், கொதிக்கும் அண்டாவின் பக்கத்தில் உட்காரவும் விடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நீரின் சூட்டைக் குறைத்தும் வருகிறவர்களுக்குத் தலைமுழுக்குக்கு முன்னே சாப்பிடும் மாத்திரை உண்டு. குளியல் இல்லாமலே வலிப்பு வரத் தொடங்குகிறவர்களுக்குத் தினமும் சாப்பிடும் மருந்து உண்டு. வைத்தியர் சொல்லுகிறபடி சாப்பிட வேண்டும்; அவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. கிருஷ்ணகிரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிம்ஹான்சுக்கோ ஓசூர் வழியாக ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரலாம்.

போச்சம்பள்ளியில் இன்று மின்சார வண்டி செய்யும் தொழிற்சாலை நடக்கிறது. நம் வீட்டுப் பெண்களும் வாலிபர்களும் அங்கே கம்பியோடு கம்பியை இணைக்கிறார்கள். ஆயுதபூசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறவர்கள்கூட, இயந்திரத்தில் கம்பி கோளாறானால் பூசாரியைக் கூப்பிடுவதில்லை. வேலை தெரிந்தவனைத்தான் கூப்பிடுகிறார்கள். வண்டியின் கம்பிக்குக் காட்டுகிற இந்தப் புத்தியைப் பெற்ற பிள்ளையின் நரம்புக்குக் காட்டக்கூடாதா?

ஆகையால், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிற ஒவ்வொரு தோழரும் இந்த விஷயத்தை இன்னும் நான்கு பேருக்குச் சொல்ல வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம். அண்டாவில் இரண்டு குடம் பச்சைத்தண்ணீரைக் கலந்தால் ஓடிப்போகிற பேய்க்குச் சேவல் அறுப்பது எந்த ஊர் நியாயம்?