பழநியை மூழ்கடித்தது எது?



ஒரே படத்தைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துக் கருத்துகள் பிறப்பது இயல்பு. காதலும் இல்லறமும் மோதுகின்ற கதையாயின், கருத்து வேற்றுமை வழக்காகவே மாறிவிடும். ‘செம்மீன்’ என்னும் மலையாளப் படத்தைப் பற்றிக் கோட்டைக்குப்பத்துக் குடும்பங்களிடையே எழுந்த வாதம் இதற்குச் சான்று. கடலையும் ஏரியையும் நம்பி வாழ்வோர் அக்கதையை அயலார் கதையாகப் பார்க்க இயலுமோ?

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் வெளியிட்ட நாவலை, இராமு காரியாட் 1965-இல் படமாக்கினார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டிற்கு முதன்முதலில் ஈட்டித் தந்த படம் அதுவே. மீனவப் பெண் கறுத்தம்மா, பரீக்குட்டி என்னும் முஸ்லிம் மீன் வியாபாரியை நேசிக்கிறாள். அவள் தந்தை செம்பன்குஞ்சு அந்த இளைஞனிடமே பணம் வாங்கித் தோணியும் வலையும் சேர்க்கிறான், கடனைத் தீர்ப்பதில்லை. மகளைப் பழநி என்னும் மீனவனுக்கு மணமுடித்து அனுப்புகிறான். அவள் நல்ல மனைவியாக வாழ்ந்து, ஒரு குழந்தைக்கும் தாயாகிறாள். ஆயினும் பழைய பேச்சு அவளைத் தொடர்கிறது. ஓர் இரவு பரீக்குட்டி அவளைக் காண வருகிறான். காதல் மீண்டும் விழிக்கிறது. அதே இரவில் பழநி, தூண்டிலில் சிக்கிய சுறாவோடு போராடிச் சுழலில் மூழ்குகிறான். காதலர் இருவரின் உடல்களும் கரை ஒதுங்குகின்றன. மனைவி நெறி தவறினால் கடலம்மா கணவனை விழுங்குவாள் என்னும் நம்பிக்கையே இக்கதையின் அச்சு.

இதைக் கண்ட முதியோர், “தாலிக்குத் துரோகம் செய்தாள், கடல் தீர்ப்பளித்தது” என்றனர். இளையோரோ, “பேராசை பிடித்த தந்தையே குற்றவாளி, அவள் மனத்தை யார் கேட்டார்கள்?” என்றனர். பெண்கள் சிலர் கேட்ட கேள்வி எல்லாவற்றினும் கூரியது: “ஆண்பிள்ளை தவறினால் கடலம்மா யாரை விழுங்குவாள்?”

இத்தகைய வாதம் நம் கரைக்கு மட்டும் உரியதன்று. 1942-இல் வெளிவந்த ‘காசாபிளாங்கா’ என்னும் ஹாலிவுட் படத்திலும் ஒரு மனைவி, ஒரு கணவர், ஒரு பழைய காதலர் உண்டு. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த காதலர், இங்கிரிட் பெர்க்மன் நடித்த அம்மங்கையை முடிவில் கணவரோடு விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அதைத் தியாகத்தின் சிகரம் என்று போற்றுவோர் பலர். ஒரு பெண்ணின் வாழ்வை ஆடவர் தம்முள் முடிவு செய்துகொண்டனர் என்று குறை கூறுவோரும் உளர். அப்பெண் தானே அம்முடிவைக் காதலரிடம் ஒப்படைத்தாள் என்று இவர்களுக்கு மறுமொழி கூறலாம். கறுத்தம்மாவுக்கோ ஒப்படைப்பதற்கும் உரிமை இருந்ததில்லை.

இங்கு இளையோர் கூற்றில் உண்மை உண்டு. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அச்சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் உரைக்கிறது. தந்தையின் கடனோ தோணியோ மகளின் நாவாகிச் சம்மதம் சொல்ல முடியாது. அதற்காக முதியோர் கூற்றையும் தள்ளிவிடலாகாது. கொடுத்த வாக்கு வாக்கே. அவ்விரவில் கதவைத் திறந்தது தவறே.

ஆனால் தவறு வேறு, கொலைப்பழி வேறு. பழநியை மூழ்கடித்தது எது? கதையைக் கூர்ந்து பாருங்கள். மனைவியைப் பற்றிய அவதூறு பரவியதும், கூட்டாளிகள் அவனைத் தங்கள் தோணியில் ஏற்ற மறுத்தனர். ஆகவே அவன் தன்னந்தனியாகத் தூண்டிலோடு கடலேகினான். பெருஞ்சுறா இழுத்தபோது துடுப்புப் பிடிக்க மற்றொரு கை இல்லை. அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே ஊரின் நாக்கு அவனைத் தனியனாக்கியிருந்தது. கடலம்மாமீது சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு கரையில் இருந்தோர்க்கு உரியது அன்றோ?

இது நம் மக்களுக்கு விளங்காத செய்தியன்று. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை வழங்கும் ஊர்களுள் கோட்டைக்குப்பமும் ஒன்று. முறை வைத்து வலையிடும் ஊரில், ஒருவனை ஒதுக்குவது அவன் உலையை அவிப்பதே. முகத்துவாரம் மணலால் தூர்ந்து, அலையில் படகு கவிழும் அபாயத்தையும் நம்மவர் அறிவர். மணல்மேடு எவர் மனைவியின் ஒழுக்கத்தையும் விசாரிப்பதில்லை.

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் ஆழிப்பேரலை உயர்ந்தெழுவதில்லை. ஆகவே தொலைவில் தொழில் செய்துகொண்டிருந்தோர் பலர் உயிரோடு திரும்பினர். தமிழகக் கரையோர ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மாண்டனர். கரையில் இருந்தவர்களும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் அவர்களே. கடல் ஒழுக்கம் பார்த்துத் தண்டிக்கிறது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

நம் பெண்கள் கூடை சுமந்து சந்தைக்குச் செல்பவர்கள். வியாபாரியோடும் ஓட்டுநரோடும் பேசாமல் மீன் விலைபோகாது. அப்பேச்சையே பழியாகத் திரிக்கும் வழக்கம் நம்மிடையே அற்றுப்போய்விடவில்லை. கடலில் கணவனை இழந்தவள் துயரத்தோடு பழியையும் சுமக்க வேண்டுமோ?

பெற்றோரே, நிச்சயத்திற்கு முன் மகளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னாலும் அடிக்கமாட்டீர்கள் என்பதை அவள் அறிந்திருக்கட்டும். கணவன்மாரே, மனைவியைப் பற்றி எவரேனும் உங்கள் காதில் ஓதினால், முதலில் அவளிடமே பேசுங்கள். வலை பின்னுமிடத்தில் ஒரு பெண்ணின் பெயர் அடிபடும்போது, “நீ கண்டாயா?” என்று ஒருவர் கேட்டால் போதும், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கும். தோணியில் அனைவர்க்கும் இடம் இருக்கட்டும்.